தவறணையும் தண்டவாளமும்

இலங்கைத் தமிழில் ‘தவறணை’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. கள்ளும் சாராயமும் விற்குமிடம், கௌரவமானோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து செல்லவேண்டிய இடம் என்ற எண்ணமே அதனோடு ஒட்டிக்கொண்டுள்ளது. ‘தவறு’ என்ற சொல்லோடு அதற்குள்ள ஒலியொப்புமை, வேடிக்கையாகச் சொற்பிறப்புக் கூற விரும்புவோருக்கு வாய்ப்பாகவும் அமைந்துவிட்டது. உண்மையில் அது போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல். இலத்தீன் மொழியில் ‘தபெர்னா’ என்பது சிறு குடிலையும் கடையையும் குறித்தது. அதிலிருந்தே போர்த்துக்கேயரின் ‘தவெர்னா’வும், பிரெஞ்சு வழியாக ஆங்கிலேயரின் ‘டாவெர்ன்’ என்பதும் பிறந்தன. சிங்களத்தில் வழங்கும் ‘தெபேரும’ என்ற சொல்லும் அக்குடும்பத்ததே. ஆகவே யாழ்ப்பாணத்துப் பனங்கூடலின் ஓரத்தில் இருந்த தவறணையும், வட இங்கிலாந்தில் நிலக்கரிப் பாதையின் ஓரத்தில் இருந்த டாவெர்னும் சொல்லளவில் உடன்பிறந்தவை எனலாம். பின்னதாகிய அந்தத் தவறணை இன்று இல்லை. கட்டடம் நிற்கிறது; தவறணை இல்லை. அதன் வரலாற்றைத் தேடிச் செல்வோர் புகையிரத நிலையம் என்ற ஒன்று எவ்வாறு தோன்றிற்று என்ற கேள்வியிலே சென்று முட்டிக்கொள்வர்.

இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில், டார்லிங்டன் நகருக்கு வடக்கே சில மைல் தொலைவில், இருப்புப்பாதை ஒரு நாட்டுப்புற ஒழுங்கையைக் குறுக்கறுத்துச் செல்லும் இடமொன்று உண்டு. ‘ஏக்ளிப் லேன்’, அதாவது ஏக்ளிப் ஒழுங்கை என்பது அதன் பழைய பெயர். பிற்காலத்தில் அருகிலுள்ள கிராமத்தின் பெயரால் ஹையிங்டன் என்று அழைக்கப்படலாயிற்று. 1825ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நியூகாசில் நகரிலுள்ள றொபேட் ஸ்டீபன்சன் கம்பனியின் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட நீராவி இயந்திரமொன்று குதிரைகள் இழுத்த வண்டிகளில் தெருவழியே இவ்விடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேதான் தண்டவாளத்தின்மீது ஏற்றி வைக்கப்பட்டது. அதுவே பின்னர் ‘லோக்கோமோஷன்’ என்று பெயர்பெற்றது. அன்று கொதிகலனை மூட்ட நெருப்பு இல்லாதிருந்ததாகவும், தொழிலாளி ஒருவர் தமது புகைக்குழாயைப் பற்றவைக்க வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் தீ உண்டாக்கியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், கண்ணாடி வைத்திருந்தவர் பொறியியலாளரன்றித் தொழிலாளியே என்பதில் அதைச் சொல்லி வந்தோர் உறுதியாக இருந்துள்ளனர். அம்மாதம் 27ஆம் திகதி ஸ்டொக்டன் - டார்லிங்டன் இருப்புப்பாதை திறந்து வைக்கப்பட்டது. நிலக்கரி வண்டிகளின்மேல் நூற்றுக்கணக்கானோர் தொற்றிக்கொண்டு பயணஞ் செய்தனர்.

இப்பாதையை அமைத்தோருள் முதன்மையானவர் எட்வேட் பீஸ் என்ற டார்லிங்டன் கம்பளி வணிகர். அவர் குவேக்கர் எனப்படும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பணம் இட்டோரிற் பெரும்பாலோரும் அப்பிரிவினரே. அதனால் ‘குவேக்கர் பாதை’ என்ற பெயரும் அதற்கு உண்டு. எளிய உடை, எளிய பேச்சு, ஆரவாரமற்ற வழிபாடு என்பனவற்றைக் கொள்கையாகக் கொண்ட இப்பெருமக்கள், பாதை திறந்த மறு ஆண்டிலேயே, அதாவது 1826இல், கம்பனிச் செலவில் மூன்று தவறணைகளைக் கட்ட முடிவு செய்தனர். ஒன்று ஸ்டொக்டனில், ஒன்று டார்லிங்டனில், மூன்றாவது ஏக்ளிப் ஒழுங்கையில்.

குவேக்கர் தவறணை கட்டினர் என்பது முதலில் வியப்பை அளிக்கும். ஆனால் மது முற்றாக விலக்கப்படவேண்டியது என்ற கொள்கை அக்காலத்தில் இன்னும் உருப்பெறவில்லை. அவர்கள் கண்டித்தது வெறியையும் வடிசாராயத்தையுமே. பியர் அன்றாட உணவின் பகுதியாகக் கருதப்பட்டது. லண்டனின் பெரிய மதுவடிசாலைகளுள் ஒன்றை 1781இல் வாங்கியோருள் குவேக்கர் குடும்பத்தினர் இருந்தனர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ஆகவே இதிற் போலித்தனம் காண்பது அவசரமான தீர்ப்பாகும். அவர்கள் வணிகர். வணிகத் தேவையொன்றுக்குத் தெரிந்த வடிவத்தில் விடை தேடினர்.

அத்தேவை யாது? பாதை அமைக்கப்பட்டது மனிதரை ஏற்றுவதற்கன்று; சுரங்கங்களிலிருந்து நிலக்கரியைக் கொண்டுவருவதற்கே. வழிநெடுகிலும் நிலக்கரி இறக்கும் களஞ்சியங்கள் இருந்தன. அயற்கிராமங்களிலிருந்து விவசாயிகளும் வண்டிக்காரரும் குதிரை வண்டிகளோடு வந்து அங்கே நிலக்கரியும் சுண்ணாம்பும் வாங்கிச் சென்றனர். வந்தோர் காத்திருக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும். குதிரைக்குத் தண்ணீரும் மனிதருக்குப் பியரும் நெருப்பும் வேண்டும். கணக்கெழுதவும் பொதிகளை வைத்துச் செல்லவும் பொறுப்பான ஒருவர் வேண்டும். இத்தனையையும் ஒரே கூரையின்கீழ் அளிக்கக்கூடிய நிறுவனமொன்றை ஆங்கிலேயர் நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். அதுவே தவறணை. ஏக்ளிப் ஒழுங்கையில் அது 1826-27 காலப்பகுதியிற் கட்டப்பட்டது. தண்டவாளத்தை நோக்கிய முகப்போடு கூடிய, ஆடம்பரமற்ற வீடு. அதன் முன்னே கற்கள் பதித்த தாழ்வான தளமொன்றின் எச்சம் காணப்படுகிறது. பிற்கால மேடைகளின் முன்னோடி அதுவே என்று கருதுவோர் உண்டு.

இவ்வீட்டைத்தான் இன்று பலர் ‘உலகின் முதற் புகையிரத நிலையம்’ என்று போற்றுகின்றனர். அப்பட்டத்துக்கு வேறு உரிமையாளரும் உளர். 1830 செப்டெம்பர் 15ஆம் திகதி திறக்கப்பட்ட மன்செஸ்டர் லிவர்பூல் வீதி நிலையம் அவற்றுள் வலுவானது. முதலாம் வகுப்பினருக்கு வேறாகவும் இரண்டாம் வகுப்பினருக்கு வேறாகவும் வாயில்கள் வைத்துப் பயணிகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்டது அது. ஏக்ளிப் ஒழுங்கைக் கட்டடமோ நிலையம் என்ற கருத்தே பிறவாத காலத்தில் எழுந்தது. அதனைக் கட்டியோர் நிலையம் கட்டுவதாக நினைக்கவில்லை. தவறணை கட்டுவதாகவே நினைத்தனர். முதன்மைப் போட்டியில் அதற்கு முதலிடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இவ்வுண்மை அப்பட்டத்தினும் பொருள் நிறைந்தது.

அக்காலத்துப் பயணம் எத்தகையது என்பதை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். சட்டத்தின்படி அப்பாதை பொதுப் பாதை. உரிய கட்டணஞ் செலுத்தும் எவரும் தம் குதிரையையும் வண்டியையும் அதில் ஓட்டலாம். நிலக்கரியை நீராவி இயந்திரம் இழுத்தது. பயணிகளைப் பெரும்பாலும் குதிரையே இழுத்தது. 1825 ஒக்டோபர் 10ஆம் திகதி முதல் ‘எக்ஸ்பெரிமென்ற்’ என்ற பயணிகள் வண்டி ஸ்டொக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே ஓடிற்று. மறு ஆண்டில் அவ்வண்டியை ஓட்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அதனைக் கண்டு வேறு பலரும் வண்டிகளோடு போட்டிக்கு இறங்கினர். இவர்களுள் விடுதிக்காரர் முக்கியமானவர். ஷில்டன் ஊரில் ‘சாம்பற் குதிரை’ என்ற விடுதியை நடத்திய டானியல் அடம்சன் ஒரு வண்டி ஓட்டினார். ஸ்டொக்டனில் ‘கருஞ் சிங்கம்’ விடுதியை நடத்திய மார்த்தா ஹவ்சன் என்ற பெண்மணி மற்றொன்றை ஓட்டுவித்தார். புகையிரதப் பயணிகள் சேவையின் முதல் முயற்சியாளர் வரிசையில் மதுவிடுதி நடத்திய பெண்ணொருவர் இடம்பெறுகிறார் என்பதைப் பாடநூல்கள் பொதுவாகச் சொல்வதில்லை. 1826 யூலை முதல் 1827 யூன் வரையான ஓராண்டில் ஏறத்தாழ 30,000 பேர் இவ்வாறு பயணஞ் செய்தனர்.

தெருவில் ஓடிய குதிரை வண்டிகள் விடுதிகளிலிருந்து புறப்படுவது பழைய வழக்கம். பயணஞ் செய்ய விரும்புவோரின் பெயர் விடுதியிலுள்ள பதிவேட்டில் எழுதப்படும். ‘புக்கிங்’ என்று இன்றும் வழங்கும் சொல் அந்தப் பதிவேட்டிலிருந்தே வந்தது. ‘கோச்’, ‘கார்ட்’ என்ற சொற்களும் அவ்வாறே தெருவண்டிகளிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறியவை. இலங்கையில் புகையிரதத்தைக் கோச்சி என்று அழைக்கும் கிராமத்து முதியவரின் நாவிலும் ஆங்கில விடுதி முற்றமொன்றின் எதிரொலி ஒளிந்திருக்கிறது. சுருங்கக் கூறின், இருப்புப்பாதை இரும்பைத் தானே உருக்கிக்கொண்டது. காத்திருத்தல், பெயர் பதிதல், பொதி ஒப்புவித்தல், புறப்படுதல் ஆகிய மனித ஒழுங்குகளை விடுதியிடமிருந்து கடன் வாங்கிற்று.

கடனோடு வேறு சிலவும் வந்தன. பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்குவதற்கு இடையிடையே கிளைவழிகள் இருந்தன. இரண்டு கிளைவழிகளுக்கு நடுவே ஒரு கம்பம் நாட்டப்பட்டிருந்தது. அதனை முதலிற் கடப்பவருக்கே வழி. மற்றவர் பின்னோக்கிச் செல்லவேண்டும். இவ்விதி காகிதத்தில் நேர்த்தியானது. நடைமுறையில், கம்பத்தை நோக்கிக் குதிரையை விரட்டுவதும், சந்தித்த இடத்தில் இறங்கிச் சண்டையிடுவதும் சாதாரணமாயின. குடிவெறியில் வழிவிட மறுத்த குதிரையோட்டிகளைப் பற்றிய முறைப்பாடுகள் கம்பனிக்கு வந்தவண்ணம் இருந்தன. 1828 அளவில், இறக்கத்தில் பாதை தானாகவே வண்டிகளை ஓட்டிச் செல்லும்போது குதிரை ஏறி நின்று இளைப்பாறச் சிறு வண்டியொன்றும் பின்னால் இணைக்கப்படலாயிற்று. குதிரை விரைவாகவே அப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டதாம். மனிதர் விதிகளைக் கற்கவே நாட்கள் சென்றன.

தவறணை வாயிலில் நிகழ்ந்ததெல்லாம் நகைப்புக்குரியதன்று. ஏக்ளிப் ஒழுங்கை இயந்திரங்கள் நீர் நிரப்பும் இடமுமாகும். 1828 யூலை 1ஆம் திகதி, அவ்விடத்தில் நின்றிருந்த லோக்கோமோஷனின் கொதிகலன் வெடித்தது. சாரதி யோன் கிறீ உயிரிழந்தார். நீர் இறைப்பவராகிய எட்வேட் ரேர்ண்புல் காயமுற்றார். இயந்திரம் நிற்கும்போது நீராவி வீணே வெளியேறாதிருக்கப் பாதுகாப்பு வால்வை அழுத்திக் கட்டிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதுவே இவ்விபத்துக்கும் காரணமெனக் கருதப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் அந்த இயந்திரம் முதன்முதலில் தண்டவாளத்தைத் தொட்ட அதே இடம் அது. பிறப்பிடமே கொலைக்களமாயிற்று. இயந்திரம் திருத்தப்பட்டு மீண்டும் ஓடிற்று. வெடிப்பின் ஓசை கேட்டுத் தவறணைக்குள் இருந்தோர் என்ன செய்தனர், காயமுற்றவரை எங்கே கிடத்தினர், உடலை எந்த மேசையில் வைத்தனர் என்பனவற்றை மனம் வினவாமலிராது. அண்மையில் நின்ற வீடு அது ஒன்றே.

பின்னர் நிகழ்ந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1832இல் கம்பனி தனியார் வண்டிகளின் உரிமையை விலைகொடுத்து வாங்கிற்று. 1833இல் பயணிகள் வண்டிகளையும் நீராவி இயந்திரங்கள் இழுக்கத் தொடங்கின. விடுதிக்காரர் தண்டவாளத்திலிருந்து இறங்கினர். 1830களின் பிற்பகுதியில் தோமஸ் எட்மன்சன் என்பவர் இலக்கமிட்ட சிறு அட்டைப் பயணச்சீட்டைப் புகுத்தினார். பதிவேட்டிற் பெயர் எழுதும் வழக்கம் அதனால் மறைந்தது. அவரும் ஒரு குவேக்கரே. இலங்கைப் புகையிரத நிலையங்களின் சாளரங்களில் அண்மைக்காலம் வரை பயணிகளின் கையிற் கிடைத்த அந்தத் தடித்த அட்டைச் சீட்டு அவருடைய கண்டுபிடிப்பின் வழிவந்தது. சீட்டு வந்ததும் பயணி பெயரற்றவரானார். பெயரற்றவருக்கு விருந்தோம்புநர் வேண்டியதில்லை. சாளரமும் வாங்கும் போதுமாயின.

சமூக மனப்பாங்கும் மாறிக்கொண்டிருந்தது. 1830ஆம் ஆண்டின் பியர்ச் சட்டம், சிறு கட்டணத்துடன் எவரும் தம் வீட்டில் பியர் விற்க வழிவகுத்தது. குடிக்கும் இடங்கள் பெருகின. அதற்கு எதிர்வினையாக 1832இல் பிறெஸ்ரன் நகரில் ஜோசப் லைவ்சியும் தோழர்களும் முழு மதுவிலக்கு உறுதிமொழியிற் கையொப்பமிட்டனர். 1841 யூலை 5ஆம் திகதி தோமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோ நகருக்கு மதுவிலக்கு அன்பர் சுமார் ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். உலகப் புகழ்பெற்ற பயண நிறுவனமொன்று அவ்வாறு தோன்றிற்று. தவறணையிற் காத்திருக்கக் கற்ற புகையிரதம், பதினைந்து ஆண்டுகளுள் தவறணைக்கு எதிரான ஊர்வலத்தை ஏற்றிச் செல்லலாயிற்று! ஆயினும் மதுவைப் புகையிரதம் கைவிட்டதென்று எண்ணுதல் தவறு. 1868இல் திறக்கப்பட்ட லண்டன் சென் பங்கிராஸ் நிலையத்தின் கீழ்த்தளத்துத் தூண்களுக்கிடையேயான தூரம், பேர்ட்டன் நகரத்து பியர்ப் பீப்பாய்களை அடுக்குவதற்கேற்பவே வகுக்கப்பட்டது. மனிதர் முகம்பார்த்து அருந்தும் இடத்துக்கே மதிப்புக் குறைந்தது, பீப்பாய்க்குக் குறையவில்லை.

ஏக்ளிப் ஒழுங்கைத் தவறணை இம்மாற்றங்களினூடே உருமாறிற்று. புகையிரத நிலையத்தின் பகுதியாகவும் ஊழியர் வாழும் வீடாகவும் அது பயன்பட்டது. அருகே 1872இல் சமிக்ஞைக் கூடமொன்று எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏக்ளிப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்தனர். போரின் பின் நியூட்டன் ஏக்ளிப் என்ற புதுநகரம் அப்புலத்தில் அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வீடு மீண்டும் மதுவிடுதியாயிற்று. அதற்குச் சூட்டப்பட்ட பெயரோ ‘லோக்கோமோஷன் நம்பர் ஒன்’. பழைய தவறணைக்குப் புதிய பெயர் தேடியோர் இயந்திரத்தின் பெயரையே எடுத்தனர். தன்னுடைய சொந்த வரலாற்றைக்கொண்டு அவ்வீடு அழைக்கப்படவில்லை.

2015இல் ஜப்பானிய ஹிற்றாச்சி நிறுவனம் அதன் அயலிலேயே புகையிரதப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையொன்றைத் திறந்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் வந்தனர். இரண்டாண்டு கழியுமுன், 2017இல், மதுவிடுதி மூடப்பட்டது. பாதையோரத்தில் வேலையாட்கள் கூடிய காரணத்தால் எழுந்த தவறணை, வேலையாட்கள் மீண்டும் கூடிய காலத்தில் மூடப்பட்டமை விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இத்தொழிலாளர் தத்தம் மோட்டார் வண்டிகளில் வந்து, வேலை முடிந்ததும் தத்தம் ஊர்களுக்குத் திரும்புவோர். நிலக்கரிக்காக மழையிற் காத்துநின்ற வண்டிக்காரரல்லர். காத்திருத்தல் மறைந்த இடத்தில் தவறணை தழைப்பதில்லை.

கட்டடம் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட மரபுரிமைச் சின்னமாகும். எனினும் பாதுகாப்புப் பட்டியலிற் பெயர் இருப்பது கூரை ஒழுக்கை நிறுத்திவிடாது. பூட்டிய வீடு ஆண்டுதோறும் சிதைந்தது. அப்பாதையின் வரலாற்றில் ஆர்வமுள்ள உள்ளூர் அன்பர்கள் அதனை மீட்கக் குரலெழுப்பி வந்தனர். அதே காலத்தில் இயந்திரமாகிய லோக்கோமோஷன் பற்றிய விவாதம் வேறு வகையானது. டார்லிங்டன் நகரின் காட்சிசாலையிற் பல்லாண்டு இருந்த அதனை 2021இல் ஷில்டனிலுள்ள காட்சிசாலைக்குக் கொண்டுசென்றபோது, அது யாருக்குரியது என்று ஊர்கள் வாதிட்டன. இரும்புக்கு இரு ஊர் போட்டியிட்டது. கூரைக்கு அத்தகைய போட்டி எழவில்லை. இயந்திரத்தைக் கண்ணாடிக் கூடத்துள் நிறுத்தலாம். ஒருவர் மற்றொருவருக்கு இடம்விட்டு நெருப்பருகே அமர்ந்ததை எங்கே நிறுத்துவது?

இவ்வாறான இழப்பு டர்ஹம் மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் தவறணைகளின் வரலாறு பெரும்பாலும் அரசாங்க வருமானக் கணக்குகளிலும், 1912இன் மதுவரிச் சட்டத்தைச் சூழ்ந்த விவாதங்களிலுமே தங்கியுள்ளது. குத்தகைத் தொகை தெரியும். அங்கு கூடியோர் பேசியது தெரியாது. மதுவிலக்கு இயக்கத்தாரின் நியாயங்கள் வலுவானவை, அவற்றை மறுப்பதற்கில்லை. ஏழைத் தொழிலாளியின் கூலி எங்கே கரைந்தது என்பதை அவனுடைய மனைவி மக்கள் அறிவர். ஆயினும், ஓரிடம் தீங்கு விளைவித்தது என்பதால் அங்கே வாழ்க்கை நிகழவில்லை என்றாகாது. ஏக்ளிப் ஒழுங்கையைப் ‘புகையிரத நிலையம்’ என்று மட்டும் அழைக்க விரும்புவோரின் உள்ளத்திலும் இத்தகைய கூச்சமொன்று இருத்தல் கூடும். நிலையம் என்றால் முன்னேற்றத்தின் சின்னம். தவறணை என்றால் ஏதோ குறை. எனவே பட்டம் கட்டடத்துக்குச் சூட்டப்பட, அதன் தொழில் அடிக்குறிப்பாகிவிடுகிறது.

2025ஆம் ஆண்டு செப்டெம்பரில், பாதை திறந்து இருநூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடுமுகமாக, லோக்கோமோஷனின் மாதிரி இயந்திரமொன்று பழைய பாணி வண்டிகளை இழுத்துக்கொண்டு ஷில்டனிலிருந்து அப்பாதை வழியே சென்றது. வேலியோரங்களிலும் பாலங்களிலும் பெருந்திரளாக மக்கள் நின்று கையசைத்தனர். ஏக்ளிப் ஒழுங்கையின் கடவையைத் தாண்டும்போது, தண்டவாளத்தை நோக்கிய முகப்போடு அவ்வீடு நின்றது. உள்ளே பியர் ஊற்றுவோர் எவரும் இருக்கவில்லை. மாதிரி இயந்திரம் அங்கே நீருக்காகவும் நிற்கவில்லை.